மன்ஹாட்டன் டி.ஏ. அலுவலகத்துக்குப் போகும் ஃபெடரல் பணத்தை நிறுத்தும் மசோதாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மார்ச் கடைசியில் டொனால்ட் ட்ரம்ப் மீது நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் வழக்குப் பதிவான கையோடு, வழக்குப் போட்ட அந்த டி.ஏ. அலுவலகத்துக்கு வாஷிங்டனிலிருந்து, அதாவது ஃபெடரல் என்று சொல்லும் மத்திய அரசிடமிருந்து, போகும் பணத்தை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அடுத்தடுத்து மசோதாக்கள் வந்தன. நம்மவர்கள் இதைப் பேசும்போது ட்ரம்பைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பணம் எது, எவ்வளவு, கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைப் பதிலோடு இங்கே போடுகிறேன். என் நிலையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ட்ரம்ப் வழக்கு சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மசோதாக்கள் நிறுத்தப் பார்த்தது அந்த வழக்கு நடந்த பணத்தை அல்ல, அடிபட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் போகும் பணத்தை. அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் கோபம்.

டி.ஏ. என்றால் நம் ஊர் அரசு வழக்கறிஞர் மாதிரியா?

இல்லை. நம் ஊரில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கும், குற்றப்பத்திரிகை போடுவது போலீஸ். அமெரிக்காவில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, சுருக்கமாக டி.ஏ., பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். யார் மேல் என்ன குற்றச்சாட்டு வைப்பது, எதை விட்டுவிடுவது, எந்த வழக்கில் சமரசத்துக்குப் போவது எல்லாம் அவர் முடிவு. மன்ஹாட்டன் டி.ஏ.வுக்குப் பதவிக்காலம் நான்கு வருடம். ஆல்வின் பிராக் 2022 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்றார், 2025 நவம்பரில் மறுபடியும் ஜெயித்தார். அவரை நீக்க வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டப்படி நியூயார்க் கவர்னருக்கு அதிகாரம் உண்டு, மக்களுக்கு ஓட்டு உண்டு. வாஷிங்டனுக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. ஆளைத் தொட முடியாது என்பதால்தான் பணப்பையில் கை வைத்தார்கள்.

எந்த வழக்கால் இத்தனை கலவரம்?

2016 தேர்தலுக்கு முன் ஸ்டார்மி டேனியல்ஸ் என்ற ஆபாசப் பட நடிகை வாய் திறக்காமலிருக்கக் கொடுத்த 1,30,000 டாலரை, அதைக் கைப்பணத்திலிருந்து கொடுத்த வக்கீலுக்குத் திருப்பிச் செலுத்தும்போது அதை வக்கீல் கட்டணம் என்று கணக்கில் பொய்யாக எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடத்த ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி 2023 மார்ச் 30 அன்று வழக்கை அனுமதித்தது, ஏப்ரல் 4 அன்று ட்ரம்ப் நீதிமன்றத்தில் ஆஜரானார், மொத்தம் 34 குற்றச்சாட்டுகள். 2024 மே 30 அன்று ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. 2025 ஜனவரி 10 அன்று நீதிபதி ஹுவான் மெர்ச்சன் சிறையோ அபராதமோ இல்லாமல், குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கும்படி விட்டார்.

என்னென்ன மசோதாக்கள்?

முதலாவது, அரிசோனாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஆண்டி பிக்ஸ் கொண்டுவந்தது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஆல்வின்' என்று வரும்படி பெயர் வைத்தார்கள். மன்ஹாட்டன் டி.ஏ. அலுவலகத்துக்கு இனி ஃபெடரல் பணம் கிடையாது, பிராக் பதவிக்கு வந்த 2022 ஜனவரி 1 முதல் வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும் என்பது சாரம். ஒரு தனிமனிதரின் பெயரையே சட்டத்துக்கு வைத்ததைக் கவனியுங்கள், இது பின்னால் சட்டக் கேள்வியில் திரும்ப வரும்.

இரண்டாவது, வர்ஜீனியாவின் பென் க்ளைன் கொண்டுவந்தது. இது அலுவலகத்தைப் பெயர் சொல்லவில்லை. ஜனாதிபதியாகவோ துணை ஜனாதிபதியாகவோ இருப்பவர், இருந்தவர், ஜனாதிபதி வேட்பாளர் ஆகியோரை விசாரிக்கப் பறிமுதல் பணத்தை (குற்ற வழக்குகளில் கைப்பற்றியதில் வரும் பங்கு, விவரம் கீழே) தொடக்கூடாது என்று பொதுவாகச் சொன்னது. அப்புறம் 2023 ஆகஸ்ட் கடைசியில் ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ க்ளைட், நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் இரண்டு திருத்தங்கள் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். 2024 நவம்பர் தேர்தலுக்கு முன் பெரிய ஜனாதிபதி வேட்பாளர் யார் மேலும் வழக்கு நடத்த ஃபெடரல் பணம் போகக்கூடாது என்பது அவர் விருப்பம். பிராக்கோடு, ஜார்ஜியாவில் வழக்குப் போட்ட ஃபானி வில்லிஸும், ஃபெடரல் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தும் அதில் அடங்குவார்கள்.

சரி, ட்ரம்ப் வழக்குக்கு ஃபெடரல் பணத்தைச் செலவழித்தார்களா இல்லையா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டவர்களுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலும் வந்தது, ஆனால் பதில் வந்த பிறகும் மசோதாக்கள் நிற்கவில்லை.

2023 மார்ச் 20 அன்று ஜிம் ஜோர்டான், ஜேம்ஸ் கோமர், பிரையன் ஸ்டைல் ஆகிய மூன்று கீழவைக் கமிட்டித் தலைவர்களும் சேர்ந்து, ஃபெடரல் பணத்தைப் பற்றியும் கேட்டு, பிராக்குக்குக் கடிதம் எழுதினார்கள். மார்ச் 31 தேதியிட்ட பதிலில் அலுவலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் லெஸ்லி டுபெக் கணக்கைச் சொன்னார். ட்ரம்ப் அல்லது அவருடைய நிறுவனம் தொடர்பான விசாரணைகளுக்கு ஃபெடரல் பறிமுதல் பணத்திலிருந்து செலவானது சுமார் 5,000 டாலர். செலவான காலம் 2019 அக்டோபரிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை. அதிலும் பெரும்பகுதி, ட்ரம்பின் வரிக் கணக்குகளைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்கான செலவு. 2020 ஜூலையில் 7-க்கு 2 என்று டி.ஏ. தரப்பு ஜெயித்த வழக்கு அது. ஃபெடரல் மானியம் எதையும் இந்த விசாரணைக்குத் தொடவில்லை என்றும் கடிதம் சொன்னது.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 5,000 டாலர் செலவானபோது டி.ஏ. பிராக் இல்லை, அவருக்கு முன்னிருந்த சைரஸ் வான்ஸ் ஜூனியர். பிக்ஸ் மசோதாவோ 2022 ஜனவரி 1-க்குப் பிந்தைய பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. அதாவது, எந்தச் செலவைக் காட்டி மக்களிடம் கோபத்தைக் கிளப்பினார்களோ அந்தச் செலவு இந்த மசோதாவின் கைக்கே சிக்காது. சிக்குவது முழுக்க வேறு பணம். முதல் தடவை இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடி சரிபார்த்தேன்.

பறிமுதல் பணம் என்றால்?

குற்றத்தில் சம்பாதித்ததாகக் கைப்பற்றும் பணமும் சொத்தும். ஃபெடரல் அரசும் உள்ளூர் அலுவலகமும் சேர்ந்து ஒரு வழக்கை நடத்தினால், கைப்பற்றியதில் ஒரு பங்கு உள்ளூருக்கு வரும். எனவே இதை வாஷிங்டன் போட்ட பிச்சை என்று சொல்வது சரியில்லை. கடந்த 15 ஆண்டுகளில் ஃபெடரல் அரசுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பறிமுதல் பணம் கிடைக்கத் தங்கள் அலுவலகம் உதவியிருக்கிறது என்றும் அதே கடிதத்தில் டுபெக் எழுதியிருந்தார். வால் ஸ்ட்ரீட் இவர்கள் எல்லைக்குள் இருக்கிறது, பொருளாதாரத் தடையை மீறிய பெரிய வங்கிகள் மேல் வழக்குப் போட்டால் தொகை அந்த அளவில்தான் வரும். இதே மாதிரி வங்கி வழக்குகளில் மன்ஹாட்டன் அலுவலகத்துக்கு வந்த பணத்தில் 3.8 கோடி டாலரை, பல ஊர்களின் போலீஸ் கிடங்குகளில் வருடக்கணக்கில் பரிசோதிக்காமல் கிடந்த பாலியல் வன்கொடுமைத் தடயப் பெட்டிகளைப் பரிசோதிக்க 2015-இல் கொடுத்தார்கள். 20 மாநிலங்களுக்குப் போனது அது. ஒரு உள்ளூர் அலுவலகம் வெளிமாநிலப் பெண்களின் வழக்குகளுக்குச் செலவழித்திருக்கிறது.

அப்படியென்றால் மசோதாவில் சிக்கும் பணம் எது?

கடிதம் சொன்ன மானியங்கள் மூன்று வகை. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வருவது ஒன்று, அந்தச் சட்டம் 1994-இல் வந்தது. இரண்டாவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான உதவி. இதற்கு ஆதாரம் 1984-ஆம் வருடச் சட்டம் உருவாக்கிய நிதி, அதில் வரிப்பணமே கிடையாது, ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் கட்டும் அபராதத்தில்தான் அந்த நிதி நிரம்புகிறது. "என் வரிப்பணம் ஏன் பிராக்குக்குப் போக வேண்டும்?" என்று கேட்டவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதன் பெயர் எட்வர்ட் பைர்ன் நினைவு நீதி உதவி மானியம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், சவுத் ஜமைக்காவில், தெருவில் போதை மருந்து விற்பவர்களைப் பற்றி ஒருவர் போலீஸுக்குத் திரும்பத் திரும்பத் தகவல் கொடுத்தார். அவர் வீட்டின் மேல் பெட்ரோல் குண்டு வீசினார்கள். பயந்து ஒதுங்காமல் சாட்சி சொல்வேன் என்று நின்றார். அந்த வீட்டு வாசலில் காவலுக்கு ஒரு போலீஸ் கார். 1988 பிப்ரவரி 26 விடிவதற்கு முன், அந்தக் காரில் தனியாக உட்கார்ந்திருந்த எட்வர்ட் பைர்னைச் சுட்டுக் கொன்றார்கள். 22-ஆவது பிறந்தநாள் முடிந்து ஐந்தே நாள். சிறையில் இருந்த போதைக் கும்பல் தலைவன் உள்ளே இருந்தபடி கொடுத்த உத்தரவு அது.

ஒரு சாட்சியைக் காக்கப் போய் இறந்த நியூயார்க் போலீஸ்காரரின் பெயரிலான மானியத்தை, நியூயார்க்கின் ஒரு அலுவலகத்துக்கு, ஒரே ஒரு வழக்குக்காக நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சாட்சி உதவி என்றால் நடைமுறையில் என்ன செய்வார்கள்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், நான் வசிக்கும் பகுதியில், வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் துணையாக இப்படி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மன்ஹாட்டன் அல்ல, வேறு ஒரு கவுண்டி. அவருக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் பயத்தில் வாய் வரவில்லை. உள்ளே ஒரு சின்ன அறை, ஓரத்தில் குழந்தைகளுக்கான கலர் பென்சில் டப்பா. உதவியாளர் முதலில் வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. "வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டீர்களா, சாவி இன்னும் அவரிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். பூட்டு மாற்ற ஒரு படிவம், நீதிமன்றத்துக்கு வந்துபோக டிக்கெட், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பாதுகாப்பு உத்தரவின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, "அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் இன்னொரு நகலைக் கொடுத்து வையுங்கள்" என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் அவர் என்னிடம் "அக்கா, கேஸ் என்ன ஆனாலும் பரவாயில்லை, இன்றைக்கு ராத்திரி தூங்குவேன்" என்றார்.

இந்த உதவியாளர்களின் சம்பளம் பல ஊர்களில் மானியத்தை நம்பித்தான் இருக்கிறது. மானியம் நின்றால் பெரிய வழக்குகளை நடத்தும் மூத்த வக்கீல் வேலை இழக்க மாட்டார், அவர் சம்பளம் நகர பட்ஜெட்டில் வருகிறது. முதலில் காலியாவது அந்தச் சின்ன அறைதான்.

மசோதாவை ஆதரிப்பவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. கணக்கில் பொய்யாக எழுதுவது நியூயார்க்கில் சாதாரணமாகச் சிறு குற்றம், இன்னொரு குற்றத்தை மறைக்கும் நோக்கம் இருந்தால்தான் பெருங்குற்றம் ஆகும். அந்தப் படியை ஏற்றிய விதத்தில் ட்ரம்பைப் பிடிக்காத சட்ட அறிஞர்கள் சிலருக்கும் சந்தேகம் இருந்தது. அதோடு, பிராக் பதவிக்கு வந்த மூன்றாம் நாளே தன் அலுவலகத்துக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சில வகைக் குற்றங்களுக்குச் சிறை கேட்க வேண்டாம், சிலவற்றில் வழக்கே வேண்டாம் என்றார். எதிர்ப்பு கிளம்பி, ஒரே மாதத்தில் சிலவற்றை மாற்றிக்கொண்டார். 2023 ஏப்ரல் 17 அன்று ஜோர்டானின் கமிட்டி மன்ஹாட்டனுக்கே வந்து விசாரணை நடத்தியபோது குற்றங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் பேசினார்கள். அவர்கள் வலி உண்மை. கட்சிக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்காக அவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது.

ஆனால் அந்தக் குடும்பங்கள் கேட்டது கடுமையான நடவடிக்கையும் கூடுதல் உதவியும். அவர்கள் பெயரைச் சொல்லி அவர்களுக்குப் போகிற மானியத்தையே நிறுத்துவதை நான் எப்படி ஏற்பது?

சட்டப்படி நாடாளுமன்றம் இப்படிச் செய்யலாமா?

பணத்தை ஒதுக்குவதும் மறுப்பதும் நாடாளுமன்றத்தின் உரிமை, அதில் தகராறே இல்லை. நிபந்தனையும் போடலாம். மது குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதத்தைப் பிடிக்கலாம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நிபந்தனைக்கும் பணத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கழுத்தைப் பிடிக்கிற அளவுக்கு மிரட்டலாகவும் இருக்கக்கூடாது, 2012 மருத்துவக் காப்பீட்டு வழக்கில் அந்தக் கோட்டைத் தாண்டியதாகத் தீர்ப்பு வந்தது.

இங்கே சிக்கல் வேறு: ஒரு அலுவலகத்தைப் பெயர் சொல்லித் தண்டிப்பது. விசாரணை இல்லாமல் குறிப்பிட்ட ஆளைத் தண்டிக்கும் சட்டம் போடக்கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 1943-இல் நாடாளுமன்றம் மூன்று அரசு ஊழியர்களை, ராபர்ட் லவெட், குட்வின் வாட்சன், வில்லியம் டாட் ஜூனியர் என்று பெயர் போட்டு, இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று ஒரு நிதிச் சட்டத்தின் உள்ளே செருகியது. அரசுக்கு எதிரானவர்கள் என்ற சந்தேகம்தான் காரணம். சம்பளம் நின்ற பிறகும் துறைகள் அவர்களை வேலையில் வைத்திருந்தன, மூவரும் வழக்குப் போட்டார்கள். 1946-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பணத்தை நிறுத்துவதும் தண்டனைதான் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்.

இதை வைத்துக்கொண்டு மன்ஹாட்டன் அலுவலகம் கண்டிப்பாக ஜெயித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். 2009-இல் ஏகார்ன் என்ற ஏழைகள் அமைப்பின் பெயரைச் சொல்லி ஃபெடரல் பணத்தை நிறுத்தினார்கள். கீழ் நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது, ஆனால் 2010-இல் மேல்முறையீட்டில் அது தோற்றது, அதுவும் நியூயார்க்குக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே. மாநில அரசுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1966-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு, டி.ஏ. அலுவலகம் மாநிலத்தின் கிளைதானே என்று எதிர்த்தரப்பு அதைக் காட்டியிருக்கும்.

மசோதாக்கள் கடைசியில் என்ன ஆயின?

எதுவும் சட்டமாகவில்லை. அப்போது கீழவை குடியரசுக் கட்சியின் கையில் குறுகிய பெரும்பான்மையோடு இருந்தது, செனட் ஜனநாயகக் கட்சியிடம், ஜனாதிபதி பைடன். 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்ததும் எல்லாம் காலாவதி.

நமக்கும் இந்த அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்?

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான், சுத்தமல்லி கோயில்களிலிருந்து திருடுபோன சிலைகளைப் படித்திருப்பீர்கள். அந்தச் சிலைகளை விற்ற சுபாஷ் கபூரின் கடை இருந்தது மன்ஹாட்டனில், மேடிசன் அவென்யூவில். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்கு 10 வருடச் சிறை கொடுத்தது, அமெரிக்கப் பக்கத்தில் அவருடைய கிடங்குகளைத் துழாவியது ஃபெடரல் அதிகாரிகளும் இந்த டி.ஏ. அலுவலகமும் சேர்ந்துதான். இந்த அலுவலகத்தின் தொல்பொருள் கடத்தல் பிரிவு 2021 அக்டோபரில் 248, 2022 அக்டோபரில் 307, 2024 நவம்பரில் 1,440 பொருள்களை இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தது. 2021-இல் வந்தவற்றில் 12-ஆம் நூற்றாண்டு நடராசர் வெண்கலச் சிலை ஒன்றும் இருந்தது. அந்தப் பிரிவு மானியப் பணத்தில் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தை முடக்கப் பார்க்கும்போது அதில் ஒரு வழக்கு மட்டும் நடக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

மசோதா இல்லாமலே பணத்தை நிறுத்த முடியுமா?

முடிகிறது, அதுதான் இப்போதைய கவலை. 2025 ஏப்ரலில் ஃபெடரல் நீதித்துறை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டு நடந்துகொண்டிருந்த 350-க்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது, மதிப்பு 80 கோடி டாலருக்கு மேல். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகளும் அதில் அடிபட்டன, சத்தம் கிளம்பிய பிறகு சில மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். மசோதா என்றால் விவாதம் உண்டு, ஓட்டு உண்டு, யார் எந்தப் பக்கம் என்று பதிவு உண்டு. இங்கே ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

இனிமேல் இப்படி ஒரு மசோதா செய்தியில் வந்தால் எதைப் பார்ப்பது?

மசோதாவின் பெயரைப் பார்க்காதீர்கள், பெயர் கோபத்துக்காக வைப்பது. உள்ளே போய் எந்தப் பணம் என்று பாருங்கள், பறிமுதலா மானியமா, மானியம் என்றால் எந்தச் சட்டத்தின் கீழ். எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். அப்புறம் உங்கள் கவுண்டி டி.ஏ. அலுவலகத்தின் இணையதளத்தில் பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவு என்று இருக்கும், அவர்களைக் கூப்பிட்டு "உங்களில் எத்தனை பேர் மானியத்தில் வேலை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், தயங்காமல் சொல்வார்கள்.